கலைக் கல்வியின் மேற்படியில் ஏறத் தக்கார் யார்?

நன்னூற் பொதுப்பாயிரத்தைப் பாடஞ் சொல்லும் ஒவ்வொரு வருடமும், மாணாக்கனது வரலாறு வந்தவிடத்து வகுப்பிலே ஒரு சிரிப்பு எழுவது வழக்கம். நூல் கேட்டற்கு உரியார் அறுவர் என்பது பவணந்தி முனிவர் கொள்கை. ஆசிரியன் தன் மகன், தன் ஆசிரியனுடைய மகன், அரசனுடைய மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபாடு செய்பவன், சொல்லியதைக் கொள்ளும் வன்மையுடையவன் என அவர்கள் வரிசைப்படுத்தப்படுவர். "ஐயா, அந்த நாலாம் ஆள் இன்றைக்கும் இருக்கிறார்" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வரும். நானும் அதனை மறுப்பதில்லை. பிறநாட்டு மாணவரிடம் உள்நாட்டாரிலும் மிகக் கூடுதலான கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகங்கள் பிரித்தானியாவிலே மலிந்திருக்கும் காலமல்லவா இது?

ஆனால் அதே பாயிரத்தில் வேறொரு பட்டியலும் உண்டு. அன்னமும் பசுவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை போல்வார் கடைமாணாக்கர். இவ்விரண்டு பட்டியலையும் ஒருங்கு வைத்து நோக்குவார் ஒரு வேறுபாட்டைக் காண்பர். முன்னையது பெரும்பாலும் வாயிலிலே நின்று பார்ப்பது. பின்னையது உள்ளே இருத்திப் பார்ப்பது. எருமை குளத்தைக் கலக்கும் என்பது அது குளத்தில் இறங்கிய பின்னரன்றோ தெரியவரும்! கரையில் நிற்கும்போது பசுவும் எருமையும் ஒரே அமைதியோடுதான் நிற்கின்றன.

இலக்கண வகுப்பிலே கிடந்த இச்செய்தியைப் பத்திரிகைக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. சித்திரம், சிற்பம், வடிவமைப்பு ஆகிய துறைகளிலே முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் சிலர் சில வருடங்களாக என்னிடம் வந்து போகின்றனர். தமிழ்ப் பண்டிதனுக்கும் வடிவமைப்புக்கும் என்ன உறவென்று வாசகர் ஐயுறலாம். சான்றுரை எழுதிக் கொடுப்பதால் வந்த உறவுதான். சான்றுரை எழுதுமுன் படிவம் முழுவதையும் வாசித்துப் பார்ப்பது என் வழக்கம். அவ்வாறு வாசித்தவற்றிலே கண்ட நிபந்தனைகள், நாடு எதுவாயினும், ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. முதலாவது, இளமாணிப் பட்டம். அடுத்து, மாணவனுடைய வேலைகளைத் தொகுத்துக் காட்டும் ஆக்கக்கோவை. அதன்பின், தான் ஏன் இப்படிப்பை நாடுகிறான் என்பதை அவனே எழுதும் நோக்கவுரை. ஆங்கிலத்திற் படிப்பிக்கும் இடமாயின் ஐ.ஈ.எல்.ரி.எஸ். போன்ற பரீட்சையிலே, பெரும்பாலும் 6.5 என்ற அளவிலே, ஒரு புள்ளி. இரண்டு சான்றுரைகள். சிலவிடங்களில் இரண்டு நிமிடக் காணொளியும் வேண்டும்.

இவற்றுள் மாணவனுடைய கையையும் கண்ணையும் காட்டுவது ஆக்கக்கோவை ஒன்றே. மற்றவை யாவும் சொல்லையும் தாளையும் சார்ந்தன. சொல்லை நம்பிச் சீவனஞ் செய்யும் எனக்கே இந்த விகிதம் நெருடுகிறது.

இவ்விகிதம் எவ்வாறு வந்ததென அறிய இலண்டனிலுள்ள றோயல் கொலிஜ் ஒவ் ஆட் என்னும் அரச கலைக் கல்லூரியின் வரலாறு உதவும். இன்று பட்டப்பின் படிப்பை மாத்திரம் நடத்தும் பெருங் கல்லூரி அது. 1837 இல் சோமர்செற் மாளிகையிலே அரசினர் வடிவமைப்புப் பள்ளியாகத் தொடங்கிற்று. ஆலைப் பொருள்களுக்கு அழகிய உருவங் கொடுப்பாரை ஆக்குவதே அன்றைய நோக்கம். 1850களில் ஹென்றி கோல் என்பார் கலைக் கல்வியின் தலைமையை ஏற்றபின், 23 படிகள் கொண்ட ஒரு பாடத்திட்டம் நாடெங்கும் வகுக்கப்பட்டது. கோடு இழுத்தலில் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும். பிரவேசம், பாலபண்டிதம், பண்டிதம் என்று படியேறி வந்த எனக்கு அந்தத் திட்டத்திலே ஒரு பரிவும் உண்டு, ஓர் அச்சமும் உண்டு. படி இருந்தாற் கிராமத்துப் பிள்ளையும் ஏறலாம். ஆனால் ஏறியவர் எல்லாரும் ஒரே நடை நடப்பர்.

அப்பள்ளி 1896 இல் அரச கலைக் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது. 1920 முதல் 1935 வரை அதன் தலைவராய் இருந்தவர் வில்லியம் றொதென்ஸ்ரைன் என்னும் ஓவியர். தாகூரின் நண்பர், தம் கீதாஞ்சலி ஆங்கில நூலைத் தாகூர் உரிமை செய்தது இவருக்கே. இவர் காலத்திலே, 1921 இல், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனான ஹென்றி மூர் புலமைப்பரிசில் பெற்று அங்கே வந்து சேர்ந்தார். நம் நாட்டவரான ஹரி பீரிஸ் 1920களில் அங்கே கற்று, பின்னர் பாரிசிலும் சாந்திநிகேதனிலும் பழகி, 1943 இல் கொழும்பிலே தோன்றிய '43 குழு' என்னும் ஓவியர் கழகத்தின் தூண்களுள் ஒருவரானார். இலங்கையின் நவீன ஓவியம் அக்கல்லூரி வாயிலோடு சிறிதேனும் தொடர்புடையது என்பதற்காக இதனைச் சொன்னேன்.

தாளின் ஆட்சி வலுத்தது 1960 இல். சேர் வில்லியம் கோல்ட்ஸ்ரீம் என்னும் ஓவியர் தலைமையிலான குழு அவ்வருடம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கலைக் கல்லூரிகளிலே பட்டத்துக்கு ஒப்பான ஒரு டிப்ளோமா வேண்டும்; அதிற் சேர்பவன் க.பொ.த. சாதாரண தரத்தில் ஐந்து பாடங்களிலாவது சித்தியடைந்திருக்க வேண்டும். கலைவரலாறு கட்டாய பாடமாதல் வேண்டும் என்பன அதன் விதப்புரைகளுட் சில. அசாதாரணமான கலையாற்றல் உள்ளவனுக்கு இச்சித்தி இன்றியும் இடமளிக்கலாம் என ஒரு விலக்கும் அதில் இருந்தது. 1963 இல் அந்த டிப்ளோமா நடைமுறைக்கு வந்தது. ஐந்தே வருடத்தில், 1968 மே மாதத்தில், ஹோண்சி கலைக் கல்லூரி மாணவர் கட்டடத்தைத் தம் வசப்படுத்தி வாரக்கணக்காக அங்கே இருந்தனர். அவர்கள் எதிர்த்தவற்றுள் இந்த ஐந்து பாடச் சித்தியும் ஒன்று. இதற்கிடையில் 1967 இல் அரச கலைக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் சாசன வாயிலாகக் கிடைத்தது. பட்டம் வழங்கும் இடம் பட்டம் கேட்கத் தொடங்குவது இயல்பே.

இவ்விடத்திலே டேவிட் ஹொக்னியின் கதையைச் சொல்லாமல் விடுவாரில்லை. 1962 இல் அக்கல்லூரியின் இறுதித் தேர்வுக்கு வேண்டிய கட்டுரையை எழுத அவர் மறுத்தார். தம்மை ஓவியத்தைக் கொண்டே மதிக்க வேண்டும் என்றார். டிப்ளோமா இல்லை என்றபோது, தாமே ஒரு டிப்ளோமாவை எள்ளலாகச் செதுக்கி அச்சிட்டார். ஈற்றிலே கல்லூரி இறங்கிவந்து டிப்ளோமாவையும் கொடுத்தது, தங்கப் பதக்கத்தையும் கொடுத்தது. சித்திரகாரனுக்கு எழுத்து வேண்டாம் என்பதற்கு இதனை மேற்கோளாகக் காட்டுவார் உளர். எனக்கு அது உடன்பாடன்று. அதே ஹொக்னி 1960களின் நடுப்பகுதியில் கிரேக்கக் கவிஞர் கவாஃபியின் பாடல்களுக்குச் சித்திரத் தொகுதி செய்தார்; கிறிம் சகோதரரின் கதைகளுக்கும் செய்தார்; 2001 இல் பண்டை ஓவியர் கையாண்ட கண்ணாடிக் கருவிகளைப் பற்றி ஒரு பெருநூலே எழுதினார். ஆக, அவர் சொல்லுக்குப் பகைவர் அல்லர். வேண்டியபோது சொல்லைத் தாமே தேடிப் போனார்.

அக்கதையில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. கல்லூரி விதியைத் தளர்த்தியது யாருக்கு? ஏலவே பெயர் பரவத் தொடங்கியிருந்த ஒருவருக்கு. அதே வருடத்தில் அதே கட்டுரையை எழுத மறுத்த பெயரறியாத மாணவன் ஒருவன் இருந்திருந்தால், அவனுக்குத் தங்கப் பதக்கமா கிடைத்திருக்கும்? சலுகையாகக் கொடுக்கப்படும் விலக்கு, தேவையில்லாதவனைத் தேடிச் செல்வது. விதியிலே எழுதப்பட்ட விலக்குத்தான் தேவையுள்ளவனுக்கு எட்டும். கோல்ட்ஸ்ரீம் அறிக்கையிலிருந்த விலக்கை நான் இதனாலேயே மதிக்கிறேன்.

வேறொரு வழியைச் சென்றவர்களும் உளர். 1919 இல் ஜேர்மனியின் வைமார் நகரிலே வால்ற்றர் குறோப்பியஸ் நிறுவிய பௌஹவுஸ், நற்பெயருடைய எவரையும், வயதும் பாலும் பாராது, முற்படிப்புப் போதுமென ஆசிரியர் அவை கருதினாற் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. சேர்ந்தவர் முதலில் ஆறுமாத முன்பயிற்சியிலே மரம், உலோகம், துணி, கல் என்பவற்றைக் கையாற் பழக வேண்டும். அதன் பின்னரே பட்டறையில் இடம். உள்ளே இருத்திப் பார்த்தல் என்று நான் மேலே சொன்னது இதுதான். எனினும் அங்கே நடந்த ஓர் அநீதியையும் மறைத்தல் ஆகாது. பால் பாராது சேர்ப்பதாகச் சொன்ன பள்ளி, சேர்ந்த பெண்களை நெசவுப் பட்டறையை நோக்கியே தள்ளிற்று. வெளிக்கதவைத் திறந்துவிட்டு உட்கதவைச் சாத்துவதும் ஒரு கலைதான் போலும்.

அதே 1919 இல் சாந்திநிகேதனத்திலே கலாபவனம் எழுந்தது. நந்தலால் போஸ் அதன் ஆசிரியர். வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்திலே நாவிதத் தொழில் செய்த ஏழைக் குடும்பத்திற் பிறந்த ராம்கிங்கர் பைஜ் 1925 இல் அங்கே வந்து சேர்ந்தார். 1938 இல் அவர் சீமெந்தும் கல்லும் குழைத்து ஆக்கிய சந்தால் குடும்பம் என்னும் பெருஞ்சிற்பம், இந்திய நவீன சிற்பத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக இன்று போற்றப்படுகிறது. அவ்விடத்திலேயே சிற்பத்துறையின் தலைவராகவும் விளங்கினார். அவர் இன்று வந்து ஒரு முதுமாணி விண்ணப்பப் படிவத்தை நிரப்புவாராயின் முதற்பக்கத்தைத் தாண்டுவாரோ என்று எண்ணிப் பாருங்கள். மாமல்லபுரத்திலே 1957 இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியும் மரபுவழி ஸ்தபதியரையே தலைவராக வைத்துத் தொடங்கியது.

நம்மிடத்துக்கு வருவோம். சித்திரத்திலும் சிற்பத்திலும் இளமாணிப் படிப்புக்குச் சேர்ப்பதற்கு நமது பல்கலைக்கழகங்கள் க.பொ.த. உயர்தரப் பெறுபேற்றோடு செயன்முறைப் பரீட்சை ஒன்றையும் நடத்துகின்றன. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் கட்டடக் கலைக்கும் வடிவமைப்புக்கும் உளச்சார்புப் பரீட்சை வைக்கிறது. கீழ்ப்படியில் இவ்வளவு கவனம். மேற்படிக்கு வந்ததும் பேச்சு மாறிவிடுகிறது. இலங்கைத் தகைமைச் சட்டகத்திலே 12 நிலைகள் உள. 5 ஆம், 6 ஆம் நிலைகள் இளமாணி. 7 ஆம் நிலை பட்டப்பின் சான்றிதழ். 8 ஆம் நிலை பட்டப்பின் டிப்ளோமா. 9 ஆம், 10 ஆம் நிலைகள் முதுமாணி. அங்கே முதலிற் கேட்கப்படுவது பட்டம். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இவ்வொழுங்கு மிகப் பொருத்தமானது. பட்டமில்லாத ஒருவர் என் வயிற்றைக் கீறுவதை நான் விரும்பேன். சிற்பத்துக்கும் அதே அளவுகோலா என்பதுதான் என் கேள்வி.

என்னிடம் பாலபண்டிதத்துக்குப் படித்த மாணவன் ஒருவனை மனத்தில் வைத்தே இதனை எழுதுகிறேன். கோயில் வாகனஞ் செய்யும் பட்டறையிற் பிறந்தவன். உயர்தரத்திலே பல்கலைக்கழகம் புகும் புள்ளி கிடைக்கவில்லை. தகப்பனாரோடு உளி பிடித்தான். எந்த மரம் வெயிலிலே முறுகும், எது வர்ணப்பூச்சைத் தாங்கும், குதிரை வாகனத்தின் முன்னங்கால் இரண்டும் தூக்கி நிற்கப் பாரம் எங்கே இறங்க வேண்டும் என்பன அவனுக்கு வாய்ப்பாடு. கணினியிலே வரைபடம் வரையவும் தானே பழகினான். ஆணி இல்லாமற் பூட்டும் மரப்பூட்டு முறைகளை ஆராய்ந்து, அவற்றை வீட்டுத் தளபாடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவன் நோக்கம். வடிவமைப்பிலே முதுமாணிக்கு இதனிலும் சிறந்த பொருள் வேறு யாது? நாற்பது புகைப்படங்களும் பன்னிரண்டு வரைபடங்களுமாக ஒரு கோவை அனுப்பினான். அவன் நாடிய நிறுவனம் ஒரு வரியிற் பதில் தந்தது: முதற்பட்டம் இன்மையால் விண்ணப்பம் பரிசீலிக்கப்படவில்லை. கோவையைத் திறந்து பார்த்ததாகவும் அக்கடிதம் சொல்லவில்லை. "ஐயா, சரியில்லையெண்டு சொல்லியிருந்தாற் பரவாயில்லை. பாக்கவேயில்லையெண்டதுதான்" என்றான். அவனுக்கு இப்போது முப்பத்தொரு வயது.

தாளை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. தாளின் அருமையை என்னிலும் அறிந்தவர் குறைவு. என் தந்தையார் புகையிலைத் தோட்டஞ் செய்தவர். எங்கள் வீட்டிலே ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. பண்டித பரீட்சையின் விடைத்தாளிலே என் சுட்டெண் மாத்திரம் இருந்தது. எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்ற விபரம் இல்லை. அந்தச் சுட்டெண்ணே என்னைக் காத்தது. ஆக்கக்கோவையிலோ பெயர் உண்டு, படித்த பள்ளி உண்டு, வழிகாட்டியவர் பெயர் உண்டு. நேர்முகத் தேர்விலே முகமும் உண்டு, பேச்சு வழக்கும் உண்டு. நன்னூலின் அறுவருள் 'ஆசான் மகன்' இரண்டாம் இடத்தில் நிற்பது சும்மா அன்று. கை வித்தையைப் பார்த்து எடுக்கிறோம் என்ற பெயரில் வேண்டியவனை எடுக்கும் வழி நம் நாட்டிலே மிக எளிதிற் பிறக்கும். போதாக்குறைக்கு இன்று பொறியே ஒரு நிமிடத்திற் சித்திரந் தீட்டித் தருகிறது. கோவையிலுள்ள படத்தை வரைந்தது விண்ணப்பகாரனுடைய விரலா, கணினியா என்பதை யார் அறிவார்?

ஆதலாற் கோவையை மாத்திரம் நம்புதலும் தகாது. இரண்டு நாள் மண்டபத்திலே இருத்தி, களிமண்ணும் மரமும் தாளும் கொடுத்து, ஒரு பொருளை ஆக்கச் சொல்லலாம். பார்ப்பவர் மூவராதல் வேண்டும்; மூவரில் ஒருவர் வேறு பல்கலைக்கழகத்தவராதல் வேண்டும்; ஆக்கங்கள் சுட்டெண் இட்டே அவர்கள் முன் வைக்கப்படல் வேண்டும்; ஏற்றதற்கும் மறுத்ததற்கும் காரணம் எழுதப்பட்டு விண்ணப்பகாரன் கையிற் கொடுக்கப்படல் வேண்டும்.

இனி மொழி. ஆங்கிலத்திற் படிப்பிக்கும் நாட்டுக்குப் போகிறவன் ஆங்கிலம் அறிதல் முறையே. ஆனால் நம் நாட்டிலே, நம் ஆசிரியர் முன், தன் ஆக்கத்தை விளக்குவதற்கு ஒருவன் ஏன் ஆங்கிலத்தைக் கடன் வாங்க வேண்டும்? உபபீடம், அதிட்டானம், பிரஸ்தரம், சிகரம் என்றும், ஒன்பது தாலம், பத்துத் தாலம் என்றும் சிற்பியர் வாயில் வழங்கும் சொற்கள் தமிழில் நிறைந்து கிடக்கின்றன. அச்சொற்களோடு பேசும்போது என் மாணவன் ஒரு பேராசிரியன். ஆங்கில நோக்கவுரை எழுதும்போது அவன் ஊமை. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல், கண்டிப் பகுதிக் கைவினைஞரிடம் அவர் கேட்டறிந்தவற்றின்மேல் எழுந்தது. அவர்கள் தம் மொழியிற் பேசினர், அவர் குறித்துக்கொண்டார்.

குமாரசுவாமியின் தகைமை என்ன என்பதையும் ஈண்டு நினைவூட்டலாம். அவர் இலண்டனிற் பெற்ற கலாநிதிப் பட்டம் மண்ணியலுக்கு உரியது. இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராய் இருந்தவர். கலைவரலாற்றிலே பட்டமில்லாத அவரையே 1917 இல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலை அழைத்துக்கொண்டது. சுவாமி விபுலாநந்தரும் அத்தகையவரே. 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி, இசைக்கென்று பட்டமில்லை. அவர் எழுதிய யாழ்நூல் 1947 இல் அரங்கேறியது. இவர்கள் பேரறிஞர், இவர்களைக் கொண்டு விதி செய்யலாகாது என்று சிலர் சொல்வர். உண்மைதான். ஆனால் இவர்களையும் வெளியே நிறுத்தக்கூடிய விதி நல்ல விதியாகுமா?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் நம் நுண்கலைத் துறைகளும் ஆராய்வதற்கு ஒன்றை முன்வைக்கிறேன். தகைமைச் சட்டகத்தை உடைக்க வேண்டியதில்லை. அதில் உள்ள 7 ஆம் நிலையை, அதாவது பட்டப்பின் சான்றிதழை, சித்திரம், சிற்பம், வடிவமைப்பு என்னும் துறைகளுக்கு மாத்திரம் ஒரு முன்றிலாக ஆக்கலாம். பட்டமில்லாதவனையும், இத்தனை வருடம் தொழிலிற் பழகியவன் என்ற சான்றோடும் மேற்சொன்ன இரண்டு நாட் செயன்முறைப் பரீட்சையோடும் அங்கே சேர்க்கலாம். கலைவரலாறும் ஆய்வு முறையும் எழுத்தும் அங்கேதான் அவனுக்குக் கற்பிக்கப்படல் வேண்டும். அவற்றை வாயிலிற் கேட்டு அவனைத் திருப்பி அனுப்புவதைவிட உள்ளே வைத்துக் கற்பிப்பது ஆசிரியர் தொழிலுக்கு நெருங்கியது. அதில் நன்கு தேறினால் முதுமாணிக்குப் போகட்டும். தேறாவிடிற் சான்றிதழோடு போகட்டும். அதனால் யாருக்கும் நட்டமில்லை.

தரம் தாழ்ந்துவிடும் என்பார்க்கு ஒரு வார்த்தை. வருடத்துக்கு ஐந்தாறு பேருக்கு மேல் இவ்வாயிலால் வரப்போவதில்லை. பட்டறையை விட்டு ஒரு வருடம் படிக்க வருதல் எத்துணைப் பொருளிழப்பு என்பது உழைத்து உண்பவனுக்குத் தெரியும். விளையாட்டாக வருவார் இரார். வருவோருக்கு ஒரு சிறு உதவிப்பணமும் வேண்டியிருக்கும். அதனைக் கோயில் அறங்காவலர் சபைகளிடம் கேட்கலாம் என்பது என் எண்ணம். வாகனமும் தேரும் செய்விப்போர் அவர்களே. அடுத்த கொடியேற்றத்துக்கு முன் கைலாச வாகனத்தை முடித்துத் தருவதாக என் மாணவன் ஒரு கோயிலுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். பல்கலைக்கழக ஆசிரியர் எவரேனும் அதனை நேரிற் பார்க்க விரும்பினால், திருவிழாவுக்கு முந்திய வாரம் வருதல் நன்று; பூச்சு ஏறிய பின்னர் மரப்பூட்டு வெளியே தெரியாது.